மூன்றாம் முறை வந்த அதே நிலை: டிரா ஏன் மறுக்கப்பட்டது?

கேள்வி: ஒரு செஸ் போட்டியில் கருப்புக் காய்களுடன் ஆடினேன். கடைசியில் இருவரிடமும் ஒரு யானை மிஞ்சியது; எதிராளியிடம் கூடுதலாக ஒரு சிப்பாய் இருந்தது. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, யானை ஏ7; என் ராஜா இ8, யானை பி6. அவர் யானையை எச்7, ஏ7 என்று மாற்றி மாற்றி வைக்க, நானும் ஜி6, பி6 என்று நகர்த்திக்கொண்டிருந்தேன். நான் பி6-இல் யானையை வைத்து இதே நிலை மூன்றாம் முறை வந்ததும், கடிகாரத்தை அழுத்திவிட்டு டிரா கேட்டேன். நடுவர் மறுத்தார். எதிராளி சிப்பாயை இ6-க்குத் தள்ளினார்; நான் யானையைப் பி8-க்கு இழுத்தேன்; தோற்றேன். நடுவர் செய்தது சரிதானா?

பதில்: சரிதான். ஒரே நிலை மூன்று முறை வந்தவுடன் ஆட்டம் தானாகவே டிரா ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, அடுத்த நகர்வு யாருடையதோ அவர் முறையாகக் கோரினால்தான் டிரா கிடைக்கும். ஐந்தாம் முறை வந்தால்தான் நடுவர் தாமாகவே ஆட்டத்தை முடித்துவைப்பார். உங்கள் ஆட்டத்தில் அந்த நிலையை உண்டாக்கியது உங்கள் சொந்த நகர்வு என்பதால், ‘யானை பி6’ என்று நகர்வுத் தாளில் முதலில் எழுதி, காயைத் தொடாமலேயே கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கடிகாரத்தை அழுத்திய கணத்தில் முறை எதிராளியுடையதாகிவிட்டது. கோரிக்கை தவறென்று தெரிந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், தாளில் உள்ள நகர்வுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு கோருவது நல்லது. அந்த நிலைகள் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது டிரா மறுக்கப்பட்டதன்று. அதன் பிறகு நீங்கள் ஆடிய நகர்வுதான். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிதோரின் பெயரால் வழங்கும் தற்காப்பு நிலை அப்படியே உங்கள் கையில் இருந்தது. பி6-இல் நின்ற யானை வெள்ளை ராஜாவை ஆறாம் வரிசைக்கு ஏறவிடாமல் தடுத்துவந்தது. சிப்பாய் இ6-க்கு வந்தவுடன் வெள்ளை ராஜா செக்கிலிருந்து ஒளிந்துகொள்ள அதன் முன்னால் இடமில்லாமல் போகிறது. அப்போது யானையைப் பி1-க்கு அனுப்பியிருக்க வேண்டும். ராஜா டி6-க்கு வந்தால் டி1-இலிருந்து செக், இ5-க்குத் திரும்பினால் இ1-இலிருந்து செக், எஃப்6-க்குப் போனால் எஃப்1-இலிருந்து செக் என்று பின்னாலிருந்தே விரட்டலாம். சிப்பாயை விட்டு ராஜா விலகினால் அந்தச் சிப்பாயே பறிபோகும்.