"இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை"

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் கணவர் மாரடைப்பில் போய் ஒன்பது மாதம் ஆகிறது. லேத் பட்டறை வைத்திருந்தார். மகன் ஆறாம் வகுப்பு. பதினாறாம் நாள் காரியத்தன்று ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டி, "அழக்கூடாது. இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை" என்றார். அதற்கப்புறம் அவன் அழவே இல்லை. ஆனால் நடுராத்திரி எழுந்து, எனக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறான். தூங்குவதுபோல் கிடப்பேன்.

பட்டறையில் என் கணவரோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர், ஞாயிறுதோறும் பையனைக் கூட்டிப்போய்த் தொழில் காட்டுகிறேன் என்கிறார். அவனுக்கும் ஆசைதான். மாமியாரோ, "ஊர் என்ன பேசும்?" என்கிறார். எனக்கு வேறு பயம். அப்பாவை மறந்துவிடுவானோ?

ஒரு வாசகி, நாமக்கல்

சகோதரி,

முதலில் அந்த விரல். ஒருவர் திடீரென்று போனதைப் பார்த்த பிள்ளை, இருக்கிற ஒருவரையும் காவல் காக்கிறது. இனி தூங்குவதுபோல் கிடக்காதீர்கள். கையைப் பிடித்து, "அம்மா நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஒன்று என்றால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் பெயர் சொல்லியே சொல்லிவிடுங்கள். அந்த 'ஆம்பளை' பட்டத்தையும் நீங்களே இறக்கி வைக்க வேண்டும்: "நீ பிள்ளைடா, வீட்டை நான் பாத்துக்கிறேன்."

அந்த அண்ணனோடு தாராளமாக அனுப்புங்கள். மறக்க மாட்டான். உங்களுக்கே தெரியாத பட்டறைக் கதைகள் அவரிடம் இருக்குமே! அம்மா அழுதுவிடுவாளோ என்று உங்களிடம் கேட்காததை அவரிடம் கேட்பான். எதிரே உட்கார வைத்து "என்னடா மனசுல?" என்றால் வாய் திறக்காத பையன், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பேசுவான்.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வருஷமாவது வர முடியுமா? அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பு 1904 முதல் பெரியவர்களை இப்படிப் பிள்ளைகளோடு இணைத்துவிடுகிறது. அங்கே ஆராய்ந்ததில், ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் அதிகப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றில், பிள்ளைகளுக்குத் தங்கள் மேலிருந்த மதிப்பே குறைந்திருந்தது. வாராவாரம் முடியாவிட்டால் மாதம் இரண்டு முறை போதும். வர முடியாத அன்று அவரே பையனிடம் போனில் சொல்லட்டும்.

ஊருக்காக இல்லை, பிள்ளையின் பாதுகாப்புக்காகச் சொல்கிறேன்: எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சந்திப்பு நாலு பேர் நடமாடும் நேரத்தில், திறந்த பட்டறையில் நடக்கட்டும். அவர்களுக்குள் ரகசியம் எதுவும் வேண்டாம். "இன்னைக்குப் போகலம்மா" என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

சாப்பாடு, தூக்கம், படிப்பு வாரக்கணக்கில் கெட்டாலோ, "நானும் அப்பாகிட்ட போறேன்" என்றாலோ காத்திருக்க வேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள்; 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்னும் மூன்று மாதத்தில் வருஷத் திதி வரும். அப்பாவுக்குப் படையலில் என்ன வைக்கலாம் என்று அவனையே கேளுங்கள். அந்த அண்ணனையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.