இலைக் கணக்கு மென்பொருளும் பழைய ஜாவாவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். விவசாயிகள் கொண்டு வரும் பசுந்தேயிலையின் எடை, மாத விலை, பட்டுவாடா எல்லாம் ஒரே மென்பொருளில்தான் பதிவாகின்றன. அது ஜாவா 8, அப்டேட் 151-இல் ஓடுகிறது. புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் அடிக்கடி அறிவிப்பு வருகிறது. ஆனால், ஜாவாவில் கை வைத்தால் மென்பொருள் நின்றுவிடும் என்கிறார் அதை எழுதிக் கொடுத்தவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அறிவிப்பு சொல்வதுதான் சரி. ஆனால் அதை அப்படியே அழுத்தி நிறுவிவிட வேண்டாம். மென்பொருளாளரின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது.

கோப்பைத் திறப்பது, தரவுத்தளத்துடன் பேசுவது, இணைய இணைப்பைப் பாதுகாப்பது, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளை உங்கள் மென்பொருள் தானாகச் செய்வதில்லை. அவற்றை அதற்காகச் செய்து தருவது ஜாவா என்னும் இயக்கச் சூழல், அதாவது ரன்டைம். அதில் குறை இருந்தால், மேலே ஓடும் மென்பொருள் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் ஏமாந்து போகும். ஜாவா 15 முதல் 18 வரையான பதிப்புகளில், ஒரு வகை டிஜிட்டல் கையொப்பத்தில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்களை வைத்தாலும் செல்லும் என்று ஏற்றுக்கொள்ளும் குறை இருந்தது. 2022 ஏப்ரலில்தான் அது சரிசெய்யப்பட்டது. ஜாவா 8-இல் அந்தக் குறை இல்லை. அதைக் காட்டிப் பழையதே பாதுகாப்பு என்று யாராவது வாதிட்டால் ஏற்காதீர்கள், ஏனென்றால் உங்கள் பதிப்புக்கு அதைவிடக் கவலைப்பட வேண்டிய குறை ஒன்று உண்டு.

அப்டேட் 151 வெளிவந்தது 2017 அக்டோபரில். ஜாவாவுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை ஆரக்கிள் நிறுவனம் ஆண்டுதோறும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வெளியிடுகிறது. எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்ற பட்டியலும் கூடவே வெளியாகும். புதுப்பிக்காதவர் கணினியில் எங்கே நுழையலாம் என்பதை அந்தப் பட்டியலே தாக்குபவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. 2018 அக்டோபரில் வந்த அப்டேட் 191, வெளியிலுள்ள ஒரு சர்வரிலிருந்து எல்டாப் என்ற நெறிமுறை வழியாக நிரலை இழுத்து ஓட்டும் வழக்கத்தை இயல்பு நிலையில் நிறுத்தியது. மூன்றாண்டு கழித்து, 2021 டிசம்பரில், உலகெங்கும் பயன்பட்ட லாக்4ஜே என்ற நிரல் தொகுப்பில் பெரும் ஓட்டை தெரியவந்தபோது, தாக்குபவர்கள் முதலில் முயன்ற வழிகளில் ஒன்று அந்த எல்டாப் வழியே. 191-க்குப் பிந்தைய ஜாவா இருந்தவர்களும் லாக்4ஜேயைத் திருத்தத்தான் வேண்டியிருந்தது என்றாலும், மிக எளிய வழியாவது அவர்களுக்கு அடைபட்டிருந்தது. 151-இல் நின்றவர்களுக்கு அது திறந்தே கிடந்தது.

இனி அந்த அச்சத்துக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் வந்த அப்டேட் 291 முதல், டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய மறையாக்க முறைகளை ஜாவா இயல்பாகவே மறுக்கிறது. உங்கள் தரவுத்தள சர்வர் அந்தப் பழைய முறையில் மட்டும் பேசுவதாக இருந்தால், ஜாவாவைப் புதுப்பித்த மறுநாள் காலையில் எடைமேடையில் விவசாயிகள் வரிசையில் நிற்க, மென்பொருள் தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்று நின்றுவிடும். அப்போது பலர் ஜாவாவின் பாதுகாப்பு அமைப்புக் கோப்பைத் திறந்து பழைய முறையை மீண்டும் அனுமதித்துவிடுகிறார்கள். ஒரு நாள் சமாளிக்க அது உதவலாம். நிலையான தீர்வாக வைத்துக்கொள்வது தவறு. தரவுத்தள சர்வரையும், அதனுடன் மென்பொருளைப் பேச வைக்கும் டிரைவர் என்ற இணைப்பு நிரலையும் புதுப்பிப்பதே முறை. அதைச் செய்து தருவது மென்பொருளாளரின் பொறுப்பு என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஜாவா 8-இலிருந்து 17-க்குத் தாவும்படி நான் சொல்லவில்லை. 11-ஆம் பதிப்பிலேயே சில பழைய பகுதிகள் நீக்கப்பட்டுவிட்டதால், அந்தத் தாவலுக்கு மென்பொருளையே திருத்த வேண்டியிருக்கலாம். 8-க்குள்ளேயே கடைசி அப்டேட்டுக்குப் போவது அவ்வளவு பெரிய வேலை இல்லை. அறிவிப்பை அழுத்த வேண்டாம் என்றதற்கு உரிமமும் ஒரு காரணம்: 2019 ஏப்ரல் முதல் வந்த ஆரக்கிளின் ஜாவா 8 அப்டேட்களைத் தொழில் நிறுவனங்கள் பயன்படுத்தக் கட்டணச் சந்தா தேவை. எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ ஆகிய வேறு வெளியீடுகளும் ஜாவா 8-ஐத் தருகின்றன. அலுவலகப் பயன்பாட்டுக்கும் கட்டணமில்லை, காலாண்டுத் திருத்தங்களும் வருகின்றன.

நிறுவும் முன் ஒன்றைப் பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் ஜாவா என்ற கோப்புறையைத் திறந்தால், வெவ்வேறு காலத்தில் நிறுவிய பல ஜாவாக்கள் அடுத்தடுத்து இருக்கக்கூடும். அது போதாதென்று, சில மென்பொருள்கள் தமக்கென ஒரு ஜாவாவைத் தம் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும். கணினியின் ஜாவாவைப் புதுப்பித்தாலும் அது பழையதாகவே ஓடும். எனவே மென்பொருளாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, நம் மென்பொருள் எந்த ஜாவாவை அழைக்கிறது என்பதுதான். தரவைப் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் புதிய ஜாவாவோடு ஓட்டி, போன மாதப் பட்டுவாடாப் பட்டியலை அதில் எடுத்து அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் அலுவலகக் கணினியிலும் மாற்றிவிட்டு, வேறு எதுவும் பயன்படுத்தாத பழைய ஜாவாக்களை அகற்றிவிடுங்கள். நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் அந்தக் கணினியில் இருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: குன்னூரில் தங்கும் விடுதி நடத்துகிறோம். எங்கள் முன்பதிவுத் தளம் வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் என்ற தொகுப்பு வழியாக, இணையதளங்களை இயக்கும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பில் ஓடுகிறது. சிறிய தளத்தை யார் தாக்கப் போகிறார்கள்?

பதில்: உங்கள் விடுதியைத் தேடி யாரும் வரமாட்டார்கள், அம்மா, இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள்தான் வரும். 2024 ஜூன் மாதத்தில், விண்டோஸில் சிஜிஐ முறையில், அதாவது இணைய சர்வர் தனி நிரலாக அழைக்கும் முறையில், ஓடும் பிஎச்பியில் ஓர் ஓட்டையைத் தைவானின் டெவ்கோர் நிறுவனம் வெளியிட்டது. கணினியின் மொழி அமைப்பு சீனம் அல்லது ஜப்பானியமாக இருந்தால் தாக்குதல் பலிக்கும் என்று உறுதிசெய்த அந்த நிறுவனம், பிற மொழி அமைப்புகளையும் பாதுகாப்பானவை என்று சொல்லவில்லை. எக்ஸாம்ப்பின் இயல்பு அமைப்பே அந்த ஓட்டைக்கு இடம் தந்தது. திருத்தம் வந்த சில நாட்களிலேயே, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. திருத்தம் 8.1, 8.2, 8.3 வரிசைகளுக்கு மட்டுமே கிடைத்தது; 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் அதற்கு வரவில்லை. எக்ஸாம்ப் சொந்தக் கணினியில் எழுதிப் பழகுவதற்கான தொகுப்பு. பொதுமக்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் பதியும் தளத்தை அதில் நடத்தாமல், ஆதரவிலுள்ள பிஎச்பியைத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றி முடிக்கும் வரை முன்பதிவைத் தொலைபேசியில் வாங்குவது நல்லது.

கேள்வி: கூடலூரில் கல்லூரியில் படிக்கிறேன். மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழியின் 3.8 பதிப்பு இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றிவிடு, தம்பி. 3.8-க்கான திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. பைத்தானின் ஒவ்வொரு வரிசைக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுதான் ஆதரவு. பழைய பயிற்சிகளுக்கு 3.8 தேவைப்பட்டால் தனியே வைத்துக்கொள். இணையத்தோடு பேசும் எதையும் அதில் ஓட்டாதே.

கேள்வி: மஞ்சூர் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி போய்விடும். எங்கள் பள்ளியின் கணினி அறையில் எல்லாக் கணினிகளையும் எப்படிப் புதுப்பிப்பது?

பதில்: இணையம் இருக்கும் நேரத்தில் ஒரே கணினியில் முழு நிறுவல் கோப்பை, அதை வெளியிடும் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள், இணையத்தோடு சேர்ந்து நிறுவும் சிறிய கோப்பு வேண்டாம். கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் தளத்தில் தரப்பட்டிருக்கும்; அந்த எண்ணும், விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளை உங்கள் கோப்புக்குக் காட்டும் எண்ணும் முழுதாக ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். ஒத்திருந்தால் பென் டிரைவில் எடுத்துச் சென்று, யுபிஎஸ் உள்ள கணினிகளில் தொடங்கி ஒவ்வொன்றாக நிறுவுங்கள். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் நிறுவப்பட்டது என்பதை அறையிலேயே ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் பொறுப்புக்கு வந்தால் அதைப் பார்த்தே தொடரலாம்.