ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்றால் விண்கலத்தை ஒளியைவிட வேகமாகக் கொண்டுபோகும் என்று சொல்லப்படும் வார்ப் டிரைவ் மட்டும் எப்படிச் சாத்தியம்?

அந்தத் தடை வெளிக்குள் (space) நகரும் பொருளுக்குத்தான், அந்த வெளி தானாகச் சுருங்குவதற்கோ விரிவதற்கோ அந்த வரம்பு கிடையாது. 1994-இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். கப்பலுக்கு முன்னால் வெளி சுருங்க வேண்டும், பின்னால் விரிய வேண்டும், நடுவில் உள்ள குமிழிக்குள் கப்பல் சும்மா மிதந்தால் போதும். ரப்பர் விரிப்பின் மேல் ஓர் எறும்பு அசையாமல் நிற்கிறது, அதற்கு முன்னால் ரப்பரைச் சுருக்கி, பின்னால் இழுத்து நீட்டுகிறீர்கள் என்று வையுங்கள், ஓர் அடிகூட நடக்காமல் அது எதிர் விளிம்பை நெருங்கிவிடும். உள்ளே இருப்பவருக்கு முடுக்கமே தெரியாது, அவர் கடிகாரமும் பின்தங்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, ஏன் இன்னும் கட்டவில்லை? இதற்கு எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தில் இருப்பதைவிடவும் குறைவான ஆற்றல், ஏராளமாக வேண்டும். வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் காசிமிர் விளைவில் தென்படுவதோ மிக மிகச் சொற்பம். அப்புறம், ஒளியின் வேகத்தைத் தாண்டிவிட்டால் கப்பலிலிருந்து அனுப்பும் எந்த சிக்னலும் குமிழியின் முன்விளிம்பை எட்டாது, அதனால் உள்ளே இருந்துகொண்டு நிறுத்தவும் முடியாது.