பத்து ரூபாய்க்கு ஒரு பை

சென்ற இதழில் போகிற போக்கில், மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்கு விற்கிற சாக்கோ பை (Choco Pie) என்கிற சாக்லேட் தின்பண்டத்தை நான் இன்னும் தொட்டதே இல்லை என்று எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, வாங்கித் தின்றும் ஆயிற்று. இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: கடைக்குப் போனாலே பேத்தி அதைத்தான் கேட்கிறாள். அது பிஸ்கட்டா, கேக்கா? சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். (வாசகி, மஞ்சக்குப்பம்)

முதலில் வாங்கின கதை. திருப்பாப்புலியூரில் எங்கள் தெருக் கடையில் போய் "அண்ணாச்சி, ஒரு பை குடுங்க" என்றேன். அவர் கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து நீட்டினார். "அது இல்ல, திங்கிற பை." "திங்கிற பையா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன்தான் "சாக்கோ பை கேக்குறாரு அண்ணாச்சி" என்று மானத்தைக் காப்பாற்றினான்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு வட்டம், கனமே இல்லை, மூக்கருகில் கொண்டுபோனால் வெனிலா வாசம். இரண்டாகப் பிட்டபோது மேல் பூச்சு செதில் செதிலாக வேட்டியில் உதிர்ந்தது. நடுவில் இருக்கிற வெள்ளை மார்ஷ்மெல்லோ, அதாவது பஞ்சு போல மெத்தென்ற மிட்டாய், திருவிழா ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு, கடைசியில் ஒரு நூலாகி அறுந்தது. வாயில் போட்டால் முதலில் தித்திப்பு, அப்புறமும் தித்திப்புதான், ஆனால் அந்த பிஸ்கட் மட்டும் மொறுமொறு என்றும் இல்லாமல் கேக் மாதிரி பொலபொல என்றும் இல்லாமல், டீயில் ஒரு நொடி நனைத்து எடுத்தது போல இருந்தது.

உங்கள் கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது. அடுப்பில் வேகும்போது அது பிஸ்கட்தான். நடுவில் இருக்கிற மார்ஷ்மெல்லோவில் ஈரம் அதிகம், பிஸ்கட்டில் குறைவு, இரண்டையும் ஒட்டவைத்துப் பாக்கெட்டில் மூடிவிட்டால் ஈரம் மெல்ல பிஸ்கட்டுக்குள் இறங்கி அதை மெத்தென்று ஆக்கிவிடும். சாம்பார் வடையை ஊறவைத்துத் தின்கிறோமே, அந்தக் கணக்கு.

எனக்குப் பிடிக்காதது மேல் பூச்சு. நான் வாங்கினதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு, மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டுகிறது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கோகோ வெண்ணெய் கிட்டத்தட்ட 34 டிகிரியிலேயே உருகிவிடும், அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் தகரக் கூரைக் கடையில் அதைத் தொங்கவிட்டால் கரண்டியால் வழித்துத்தான் தின்ன வேண்டும். விலையும் ஏறும். பத்து ரூபாய்க்கு மோசமில்லை. சர்க்கரை போடாத டீயோடு தின்றால் இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டாவதுக்குக் கை நீளவில்லை.

கேள்வி: உள்ளே இருக்கிற வெள்ளை, மாட்டு எலும்பில் செய்வது என்கிறார்களே? வெள்ளிக்கிழமை சாப்பிடலாமா? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

வெளிநாட்டு மார்ஷ்மெல்லோ என்றால் பயம் நியாயம்தான். அதில் வழக்கமாகப் போடுகிற ஜெலட்டின் மாடு, பன்றி இவற்றின் தோல், எலும்பிலிருந்து வருவது. இங்கே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம், முட்டை கூடக் கிடையாது. ஜெலட்டின் இல்லாமல் கடற்பாசிச் சத்தை வைத்தும் இறுகச் செய்ய முடியும். பரங்கிப்பேட்டையில் நோன்புக் காலத்தில் வீட்டுக்கு வீடு கடல்பாசி காய்ச்சித் துண்டு போடுவார்களே, அது எதனால் இறுகுகிறது? பச்சைப் புள்ளி இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன, வியாழக்கிழமையும் வேண்டாம்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே வெள்ளை பூத்திருக்கிறது. பூஞ்சையா? (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது. வெயிலில் இளகின கொழுப்பு மறுபடி இறுகும்போது மேலே வெளுப்பாகப் படியும், ஈரம் பட்டால் சர்க்கரையும் அப்படிப் பூக்கும். கொழுப்பாக இருந்தால் விரலால் தேய்த்தாலே மறையும். பஞ்சு மாதிரி எழும்பி, பச்சையோ சாம்பலோ கலந்து, வாடையும் அடித்தால் அது பூஞ்சை, யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். மற்றபடி இதற்கு ஃப்ரிட்ஜே வேண்டாம், நடு வெள்ளை ரப்பராகிவிடுகிறது. சோதித்துப் பார்க்க இன்னொன்று வாங்கப் போனபோது அண்ணாச்சி "திங்கிறதா, தூக்குறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். அப்போது தேதி பார்த்தேன், சரத்தில் முன்னால் தொங்கினதற்கு இன்னும் பத்து நாள்தான் மிச்சம், பின்னால் இருந்ததற்கு நான்கு மாதம். பின்னால் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: அப்பா எங்கள் ஊர் மிட்டாய் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதற்கும் இந்தப் பைக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார். நிஜமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

நிஜம். உங்கள் ஊர் பாரி மிட்டாய்க் கம்பெனியை, காபி பைட், லாக்டோ கிங் எல்லாம் செய்ததே அதை, 2004-இல் கொரியாவின் லோட்டே வாங்கிக்கொண்டது. அந்த லோட்டேதான் சாக்கோ பையும் விற்கிறது. ஆனால் சாக்கோ பையை முதலில் கொண்டுவந்தது அவர்கள் இல்லை, கொரியாவிலேயே இன்னொரு கம்பெனியான ஒரியான், 1974-இல். அதற்கும் மூத்தது அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து சட்டனூகா பேக்கரி 1917-இல் செய்த மூன் பை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வயிறு நிறைகிற மாதிரி ஒன்று கேட்டதாக அந்த பேக்கரி கதை சொல்கிறது. நெய்வேலிக்காரர்கள் கேட்டிருந்தால் பரோட்டாதான் பிறந்திருக்கும்.

எனக்குப் பிடித்த கதை வட கொரியாவில் நடந்தது. கேசோங் என்கிற எல்லை ஊரில் தென் கொரிய முதலாளிகள் தொழிற்சாலை நடத்தினார்கள், வேலை பார்த்தவர்கள் வட கொரியர்கள். அவர்களுக்கு வேலைக்கு நடுவே சாக்கோ பை கொடுப்பது வழக்கம். நிறையப் பேர் அதைத் தின்னாமல் மடியில் கட்டிக்கொண்டுபோய் வெளியே நல்ல விலைக்கு விற்றிருக்கிறார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

கேள்வி: தினம் ஸ்கூல் டப்பாவில் வைக்கலாமா? (வாசகி, வில்லியனூர்)

தினமும் வேண்டாம். பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சர்க்கரை 32 கிராம் என்று போட்டிருந்தால், 25 கிராம் பையில் 8 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். வாரத்துக்கு ஒரு நாள் பரவாயில்லை. டப்பாவில் மிச்ச இடத்துக்கு வேர்க்கடலை போடுங்கள்.

கேள்வி: பிரெஞ்சு பேக்கரி இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாக்கெட் பையைப் பற்றி எழுத வெட்கமாக இல்லையா? (வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

இல்லை. உங்கள் ஊர் எலுமிச்சை டார்ட்டுக்கு முன்னால் இது நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு டார்ட் காசில் இது ஒரு சரமே வரும். அதுவும் தவிர, கடலூரிலிருந்து அந்த டார்ட்டைத் தின்ன வர பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகிறதே, அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி நின்றுவிட்டால் பசிக்கு என் பையில் இருப்பது இந்தப் பைதான்.