ஓவிய வகுப்பில் விமரிசனம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி அருகே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 32 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. ஒருவர் படத்தை மற்றவர்கள் விமரிசிக்கச் சொன்னேன். பாதிப்பேர் 'சூப்பர்' என்றார்கள். மீதிப்பேர் 'மலை மாதிரியே இல்லை' என்று சிரித்தார்கள். வரைந்த பெண் அழுதுவிட்டாள். இதைத் தொடரலாமா? தன் படத்தின் குறையைத் தானே காண எப்படிப் பழக்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

தொடருங்கள். தீர்ப்பை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். படத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே கருத்துக் கேட்டால் பாராட்டு அல்லது கேலி, இரண்டில் ஒன்றுதான் வரும். அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் வகுத்த வரிசை ஒன்று உண்டு: விவரித்தல், பகுத்துப் பார்த்தல், பொருள்கொள்ளல், மதிப்பிடுதல். உங்கள் வகுப்பு நேரே நான்காவதில் குதித்துவிட்டது.

ஒரு பாடவேளைக்கு மூன்று படம் போதும். 32ஐயும் மாட்டினால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். பெயர் பின்பக்கம் இருக்கட்டும். நல்ல வெளிச்சம் விழும் சுவரில், உட்கார்ந்த பிள்ளையின் கண்மட்டத்தில் மாட்டி, ஆறடி தள்ளி உட்கார வையுங்கள். இரண்டு நிமிடம் பேச்சே கூடாது. கண்ணில் படுவதை மட்டும் நோட்டில் எழுதட்டும். 'இடது ஓரத்தில் ஐந்து சில்வர் ஓக் மரங்கள், எல்லாம் ஒரே உயரம். வீட்டுக்கு நிழல் இல்லை.' இந்த மாதிரி. அழகு, மோசம், பிடிச்சிருக்கு என்ற சொற்களுக்கு முதல் மாதம் தடை. நீங்கள் கடைசியில்தான் பேச வேண்டும். ஆசிரியர் முதலில் வாய்திறந்தால் வகுப்பே அதைத்தான் திருப்பிச் சொல்லும்.

அடுத்த கேள்வி: கண் முதலில் எங்கே போகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது? உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தேயிலைச் சரிவை விடாமல் வரைவார்கள். அதில் 'மலை மாதிரி இல்லை' என்று படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பக்கத்துச் செடிக்கும் தூரத்து மலைக்கும் பாட்டிலில் இருந்த அதே பச்சை. இடையில் உள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறும், நீலம் பாரிக்கும், அதன் இருட்டும் வெளிச்சமும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். பனிமூட்டம் இல்லாத காலையில் ஜன்னலைத் திறந்து, மலைவரிசைகளை எண்ணி ஒவ்வொன்றின் நிறத்தையும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதே படத்தைப் பற்றி, 'பின்மலையின் பச்சையும் செடியளவே அடர்த்தியாக இருக்கிறது, அதனால் மலை முன்னால் வந்து நிற்கிறது' என்று ஒரு பிள்ளை சொல்லும். அதைக் கேட்டு யாரும் அழப்போவதில்லை. எதைத் திருத்துவது என்பதும் அதிலேயே இருக்கிறது.

வரைந்தவர் இதுவரை வாய்திறக்கக் கூடாது, குறித்துக்கொள்ளலாம். நடுவில் விளக்கம் சொல்ல விட்டால் மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு விளக்கத்தைப் பார்ப்பார்கள். கடைசி ஒரு நிமிடம் அவருடையது. அழுத பெண்ணின் படத்தை இப்போது மாட்ட வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு உங்கள் படத்தையே மாட்டுங்கள். ஆசிரியை விமரிசனம் கேட்டுக்கொள்வதைப் பிள்ளைகள் பார்ப்பது பெரிய பாடம்.

சொந்தப் படத்தை அன்றே விமரிசிக்கச் சொல்லாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். பிறகு தலைகீழாக வைத்துப் பார்க்கட்டும். சாய்ந்த சுவரும் ஒரு பக்கமே கனத்த படமும் உடனே தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நிற அடர்த்தி தெரியும். போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்தால் இன்னும் தெளிவு. திருத்தத்தை டிரேசிங் பேப்பரை மேலே வைத்து அதில் போட்டுப் பார்க்கட்டும், மூலத்தில் கைவைக்க வேண்டாம்.

மழைமாதங்களில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் வாட்டர்கலர் லேசில் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததன்மேல் ஈரமான பிரஷ் பட்டால் ஓரம் சுருண்ட திட்டுத்திட்டாகப் பூக்கும். மெல்லிய டிராயிங் பேப்பர் என்றால் நெளிந்து, குழியில் நிறம் தேங்கும். இவற்றைப் பொருளின் கோளாறு என்று தனிப் பத்தியில் எழுத வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

தூரம், நிழல் என்ற அளவுகோல் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் எதையும் வரைந்துகொள்ளாமல் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது எண்ணிக்கையின் ஒழுங்கு. வேங்கை மரப் பிசின் கொண்டு வரையும் குறும்பர் பழங்குடி ஓவியத்தில் தூரம் காட்டவில்லை என்பது குறையே ஆகாது. அவற்றை மாட்டும் நாளில் 'எதைக் காட்ட நினைத்தார்கள்' என்ற கேள்வியில் தொடங்குங்கள். நிழல் எங்கே என்று யாராவது கேட்டால், அது இந்தப் படத்துக்குத் தேவையா என்று அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கேளுங்கள்.