மூன்றாவது பெல்ட்டும் அறுந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது

கேள்வி: களக்காட்டிலிருந்து நெல்லை நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றும் பழைய டீசல் லோடு வண்டி என்னுடையது. ஒரே வருஷத்தில் மூன்று ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. முதல் பெல்ட் டூப்ளிகேட் என்று விட்டுவிட்டேன். அடுத்த இரண்டும் நல்ல கம்பெனி பெல்ட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி தண்ணீருக்குள் நின்றதால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மட்டும் கழற்றிச் சரிபார்த்து மாட்டினோம். மற்றபடி எஞ்சினில் கை வைக்கவில்லை. இதற்கு என்னதான் வழி?

பதில்: ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். ஒரு பெல்ட் அறுந்தால் வயதாகிவிட்டது என்று விடலாம். வரிசையாக மூன்று போனால், பெல்ட்டை ஏதோ ஒன்று தின்கிறது. அது பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியா, அதைச் சுழலவிடும் பேரிங்கா, எண்ணெய்க் கசிவா என்று கண்டுபிடிக்காமல் நாலாவது பெல்ட் வாங்குவது வீண்செலவு.

அறுந்த பெல்ட் கிடக்கிறதா? தூக்கிப் போட்டிருந்தாலும் தேடி எடுங்கள், அதில் பாதி விடை இருக்கும். ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. இரண்டு சுவரும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகியிருந்தால் பெல்ட் வழுக்கி ஓடியிருக்கிறது. தொட்டால் பிசுபிசுத்து, ஊறி உப்பியிருந்தால் எண்ணெய். மற்ற இடமெல்லாம் புதுசு போலிருந்து ஒரே இடத்தில் பட்டென்று அறுந்திருந்தால், மாட்டும்போது திருப்புளியால் நெம்பி ஏற்றியிருப்பார்கள். உள்ளே இருக்கும் நூல் அப்போதே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. இப்படி நெம்பின பெல்ட் பள்ளத்துக்குள்ளேயே கவிழ்ந்து ஓடுவதும் உண்டு.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் முதலில் சொன்ன இரண்டு காரணங்களின் மேல்தான்: புல்லி நேர்கோட்டில் இல்லாதது, பெல்ட் வழுக்குவது. ஆல்டர்னேட்டரைக் கழற்றும்போது பிராக்கெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாஷரோ புஷ்ஷோ இருந்திருக்கும். திரும்ப மாட்டும்போது அதை விட்டுவிட்டாலோ, இடம் மாற்றிப் போட்டாலோ, புல்லி இரண்டு மூன்று மில்லி முன்னே பின்னே போய்விடும். பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் சாய்ந்தபடியே பள்ளத்தில் ஏறி இறங்கும். புல்லியையே மாற்றியிருந்தாலும் இதே கதைதான். ஒரு அடி நீளத்துக்கு ஒன்றரை மில்லிக்கு மேல் விலகல் கூடாது என்பது பட்டறைக் கணக்கு.

இதைப் பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கொத்தனார் நூலை, எஞ்சின் நேராகச் சுற்றும் கிராங்க் புல்லியின் பள்ளத்து நடுவில் வைத்து ஆல்டர்னேட்டர் புல்லி வரை இழுத்துப் பிடியுங்கள். அங்கேயும் பள்ளத்தின் நடுவில் நேராக இறங்க வேண்டும். வாட்டர் பம்ப் புல்லிக்கும் இதே மாதிரி பாருங்கள். விளிம்பை வைத்து அளக்காதீர்கள், விளிம்பின் தடிமன் புல்லிக்குப் புல்லி மாறும். நூல் சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. பெல்ட்டை மாட்டி இறுக்கியபிறகு மேலிருந்து இன்னொரு தடவை பாருங்கள். ஆல்டர்னேட்டர் தொங்கும் நீள போல்ட்டின் துளை தேய்ந்திருந்தால், தளர்வாக இருக்கும்போது ஒழுங்காக நிற்கும். இறுக்கினதும் தலையைச் சாய்த்துக்கொள்ளும். நிறையப் பேர் கோட்டை விடுவது இதில்தான்.

நூலைப் பிடித்த கையோடு புல்லிப் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளத்தண்ணீரில் நின்ற வண்டி. கழற்றிய ஆல்டர்னேட்டரைச் சுத்தம் செய்திருப்பார்கள். கிராங்க் புல்லியையும் வாட்டர் பம்ப் புல்லியையும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். துரு பிடித்துச் சொரசொரத்த பள்ளம் உப்புத்தாள்போல ரப்பரைத் தேய்த்துவிடும். லேசான துரு என்றால் தேய்த்து எடுத்துவிடலாம், குழி விழுந்திருந்தால் புல்லியை மாற்றத்தான் வேண்டும். பள்ளத்தின் அடிப்பாகம் பளபளக்கிறதா என்றும் பாருங்கள். வி பெல்ட் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்கும், அடியைத் தொடவே கூடாது. அடி பளபளத்தால் பள்ளம் அகன்றுவிட்டது, அல்லது அகலம் குறைந்த பெல்ட்டைப் போட்டிருக்கிறீர்கள். 13 மில்லி பள்ளத்தில் 10 மில்லி பெல்ட் உள்ளே போகும், வேலை செய்யாது. கடைக்கார அண்ணாச்சியிடம் வண்டிப் பேரைச் சொன்னால் மட்டும் போதாது. பழைய பெல்ட்டின் முதுகில் இருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்கள்.

காலைக் கீச்சொலிக்கு வருவோம். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரி இழந்த கரண்டைத் திரும்ப ஏற்ற ஆல்டர்னேட்டர் முழுப் பாரத்தில் சுற்றும். அப்போது கத்தி, அப்புறம் அடங்கினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ச்சி. எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று பெல்ட்டின் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் வழுக்கல். கொஞ்ச நேரம் நின்று திரும்ப வந்தால் நேர்கோட்டுக் கோளாறு. சத்தத்தை அடக்கப் பெல்ட்டில் பசை ஸ்பிரே அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டவே வேண்டாம். தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு பெல்ட் இன்னும் சீக்கிரம் போகும்.

பெல்ட் இல்லாதபோதே ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது. தண்ணீர் புகுந்த ஆல்டர்னேட்டரில் காயிலைக் கட்டிவிட்டுப் பேரிங்கை அப்படியே விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். அதன் சீல் போனால் எண்ணெய் ஆல்டர்னேட்டர் வழியாகவே பெல்ட்டுக்கு வந்துவிடும். உங்கள் வண்டியும் அப்படியா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கசிவுக்காக மட்டும் சொல்லவில்லை. பெல்ட் அறுந்தால் அந்தப் பம்பும் நின்றுவிடும். இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகும். முழு லோடோடு நாலுவழிச் சாலையில் அது நடந்தால் பெரிய ஆபத்து. சார்ஜ் லைட் எரிந்ததுமே கியரைக் குறைத்து ஓரம்கட்டுங்கள். நாங்குநேரி வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள், வாட்டர் பம்பும் நின்றிருக்கும், எஞ்சின் சூடேறி அதன் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

எல்லாம் சரி பண்ணியபிறகு புதுப் பெல்ட்டை நெம்பாமல், ஆல்டர்னேட்டரை முழுசாக உள்ளே தள்ளிவிட்டு மாட்டுங்கள். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லி இறங்கலாம். வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். அறுந்துபோகிறதே என்று கூடுதலாக இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் போய்விடும். முதல் லோடு இறக்கிவிட்டு வந்ததும், எஞ்சின் ஆறியபிறகு இன்னொரு தடவை அழுத்திப் பார்த்து இறுக்குங்கள். புதுப் பெல்ட் பள்ளத்தில் படியும்போது கொஞ்சம் தளரத்தான் செய்யும்.