மாமா பாதியில் விட்ட மொரிஸ் மைனர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லடியில் மனைவியின் சீதன வீட்டில் வசிக்கும் ஆசிரியன் நான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் மாமனார், 1957ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்றை 2017இல் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். சென்ற வருடம் மாசி மாதம் அவர் காலமானார். எஞ்சின் வேலை முடிந்து மரக்கட்டைகளின் மேல் இருக்கிறது; முன்சக்கரங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன; உடல் பாதி பூச்சுடன் நிற்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட பால்மாப் பேணிகளில் நட்டுகளும் சிறு உறுப்புகளும், ஒவ்வொரு பேணியிலும் அவர் கையெழுத்தில் ஓர் ஒட்டுத்தாளும், தவிர ஒரு கொப்பியும் உண்டு. காரை முடித்து ஒரு தடவையாவது அதில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது மாமியின் விருப்பம். இலண்டனில் இருக்கும் மச்சான், பணம் அனுப்புவதாகவும், டிஸ்க் பிறேக், ஐந்து கியர் பெட்டி எல்லாம் போட்டுப் புதுக் காரைப் போல ஆக்க வேண்டும் என்றும் சொல்கிறார். மோட்டார் சைக்கிளின் செயினை இறுக்குவதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? மாமா முடித்துவிட்ட பகுதிகளைத் தொடாமல் அப்படியே விடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். விடக் கூடாது. என் அண்ணர் பாதியில் விட்டுச்சென்ற ஒஸ்டின் ஏ 55 காரை நான் முடித்தபோது, அவர் கைபட்ட எதையும் திறந்து பார்ப்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்று எண்ணி, பின்சக்கரப் பிறேக் குழாயின் நட்டைத் தொடாமலே விட்டேன். கல்லடிப் பாலத்தை நெருங்கும்போது பிறேக் மிதி தரைவரை போய்விட்டது. கைப்பிறேக்கை இழுத்துத் தப்பினேன். அந்த நட்டை அவர் விரலால் மட்டும் முறுக்கி வைத்திருந்தார். மறுநாள் ஸ்பானர் வைத்து இறுக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கும். இடையில் மாரடைப்பு வந்துவிட்டது. விரலால் முறுக்கிய நட்டுக்கும் ஸ்பானரால் இறுக்கிய நட்டுக்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாது என்பதுதான் பாதியில் நின்ற வேலையின் ஆபத்து. உங்கள் மாமனார் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், எந்த நாளோடு தமது வேலை நிற்கும் என்பதை அறிந்து அவர் வேலை செய்யவில்லை.

ஆகவே முதல் ஒரு மாதம் ஸ்பானரைக் கையில் எடுக்காமல், அந்தப் பேணிகளையும் கொப்பியையும் படியுங்கள். ஒரு பேணியைக்கூடக் கொட்டிக் கலக்காமல், மூடியைத் திறந்து, ஒட்டுத்தாளும் உள்ளே இருப்பவையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். நமது வெக்கையில் ஒட்டுத்தாளின் பசை இளகி, ஒருநாள் எல்லாத் தாள்களும் நிலத்தில் கிடக்கும். எனவே ஒவ்வொன்றிலும் உள்ளதைப் பென்சிலால் ஓர் அட்டையில் எழுதிப் பேணிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை மங்கும், பென்சில் எழுத்து மங்காது. பிறகு, அந்தக் காருக்குரிய திருத்துநர் கைநூலின் பிரதியை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். எட்டு நட்டு இருக்க வேண்டிய பேணியில் ஏழு இருந்தால், ஒன்று தொலைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். ஏழு நல்லவை, எட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதாகவும் இருக்கலாம். கொப்பியில் செய்து முடித்ததும் செய்ய நினைத்ததும் ஒரே மாதிரித்தான் எழுதப்பட்டிருக்கும். அவற்றை இரண்டு பட்டியல்களாகப் பிரிக்க முடிந்தால், இந்தக் காரில் இனி நீங்கள் செய்யப்போகும் எந்த வேலையையும் விடக் கடினமானதைச் செய்து முடித்துவிட்டீர்கள்.

அடுத்தது உடல். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. தரைத்தகடும் பக்கவாட்டுப் பெட்டித் தகடுகளும் கூரையும் ஒன்றாக ஒட்டி நின்றே பாரத்தைச் சுமக்கின்றன. அதனால் இந்தக் காரில் துரு என்பது அழகைப் பற்றிய பிரச்சினை அல்ல. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடியில், உப்புக் காற்று அதன் வேலையை ஒருநாளும் நிறுத்துவதில்லை. முன்னிருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடி, இரு முனைகளிலும் ஜாக் வைக்க இடம் கொடுக்கும் பெட்டித்தகடு, கதவுகளுக்குக் கீழுள்ள பக்கவாட்டுத் தகடுகள், பின் வில்லுப்பட்டை மாட்டும் இடங்கள், எஞ்சினைத் தாங்கும் முன்புறத் தூண்கள் ஆகியவற்றைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று பதில் சொல்லும். துரு தின்ற தகடும், புட்டி அப்பி மறைத்த தகடும் ‘தொப்’ என்று அமுங்கும். இந்த நான்கு இடங்களும் போயிருந்து, தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸ் சொல்லும் தொகை குடும்பத்தின் சக்திக்கு மீறியதாகவும் இருந்தால், பேணிகளோடும் கொப்பியோடும் சேர்த்து, குறைகளை மறைக்காமல் சொல்லி, தெரிந்த ஒருவருக்கு விற்றுவிடுங்கள். அது மாமனாருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. புட்டி அப்பிப் பளபளப்பாக்கி மாமியை அதில் ஏற்றிச் செல்வதுதான் துரோகம்.

வெல்டிங் ஒட்டு வேலையைத் தொடங்குவதானால், பின்பெட்டியின் தரையில் இருக்கும் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்த பிறகே தொடங்க வேண்டும். ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டி முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடலாம். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒன்றை ஒட்டித் தாங்கல் கொடுக்காமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் மூடாது. காலத்தையும் பார்க்க வேண்டும். முதற்பூச்சு நீரை உறிஞ்சும் தன்மையுள்ளது. அதோடு மட்டும் ஒரு மாரியைக் கடந்த தகடு, மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் உள்ளிருந்து கொப்புளிக்கும். ‘பாதி பூச்சு’ என்று நீங்கள் எழுதியிருப்பது முதற்பூச்சு என்றால், கடந்த மழையில் அது நனைந்ததா என்று பார்த்து, நனைந்திருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சுரண்டிவிடுங்கள். தகட்டு வேலையையும் பூச்சையும் பங்குனியில் தொடங்கி, கச்சான் காற்றுக் காலம் முடிவதற்குள் நிறைவு செய்வது நல்லது. ஆனால் அந்தக் காற்று புழுதியையும் கொண்டுவரும், ஆகவே கடைசிப் பூச்சைக் கொட்டிலை மூடி, தரையை நனைத்துவிட்டு, அதிகாலையில் பூச வேண்டும்.

முன்சக்கரங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றுங்கள். மைனரின் முன்சக்கரம் மேலும் கீழும் மரை வெட்டிய ‘டிரனியன்’ என்ற உறுப்புகளில் திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால், அவற்றுள் திரும்பும் முள் கழன்று சக்கரம் மடிந்து விழும். இந்தக் காரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அஞ்சும் இடம் அதுதான். பிறேக்கின் தலைமை உருளை சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழ் இருப்பதால், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓடாமல் நின்ற சில வருடங்களில் உருளையின் உட்சுவர் துருப்பிடித்திருக்கும். உருளைகளின் றப்பர், வளையும் குழாய்கள், திரவம் ஆகிய மூன்றையும், மாமா மாற்றியதாகக் கொப்பியில் இருந்தாலும், மறுபடி மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமலே வயதாகிய டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 948 கனசென்ரிமீற்றர் கொண்ட அந்த எஞ்சின் பொறுமைசாலி. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் சிறிது எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் விட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுழன்றால் பிளக் பூட்டாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் வருவதைக் கண்ட பிறகு பிளக்கைப் பூட்டலாம். கட்டி இழுத்து மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

மச்சானின் பணத்தை வாங்குங்கள், பட்டியலை வாங்காதீர்கள். சரியாகச் சீர்செய்த டிரம் பிறேக், கல்லடியிலிருந்து மாமாங்கத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் போகும் ஒரு காருக்குப் போதும். ஆனால் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது, அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும். இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இது தெரியாமல் இக்கால றேடியோவையோ மின்னாக்கியையோ பூட்டினால் அது அந்த நிமிடமே கருகும். இலண்டனில் இருப்பவர் செய்ய வேண்டிய நல்ல வேலை வேறு இருக்கிறது. மைனரின் உறுப்புகள் ஏறக்குறைய எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஊருக்கு வரும்போது டிரனியன்களையும் பிறேக் றப்பர்களையும் பயணப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரிய உறுப்புகளுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். (1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையிலேயே இந்தக் காரின் தகடுகள் செய்யப்பட்டு, இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. மச்சான் இதை நம்பமாட்டார்.)

பணம் வருவதற்கு முன் ஒரு விடயம். சீதன வீட்டின் கொட்டிலில் நிற்பதால் கார் உங்கள் மனைவிக்கு உரியதாகிவிடாது. மட்டக்களப்பில் தாய்வழி உரிமை கூறிய முக்குவர் வழமை 1876ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தோடு போய்விட்டது. மரணசாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி அவரது துணைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேரும். ஆகவே மாமி, மனைவி, மச்சான் எல்லோரும் யார் பெயருக்கு மாற்றுவது என்று முதலில் இணங்கி, ஒரு சட்டத்தரணி மூலம் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். கார் ஓடத் தயாரானதும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் பெற்று, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் அது மாற வேண்டும். பழைய இலக்கத் தகடு அந்தக் காரில் இருந்தால், அதைப் புதிதாக எழுதுவிக்காமல் துடைத்து மட்டும் பூட்டுங்கள். மச்சான் என்ன சொன்னாலும் சரி.

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் தமது வொக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினைத் திருத்தக் கொடுத்திருந்த நிலையில் வபாத்தாகிவிட்டார். இரண்டு வருடமாகக் கராஜ்காரர் ‘அடுத்த மாதம்’ என்கிறார். பிள்ளைகள் வாப்பாவின் காரை விடக் கூடாது என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, வேலை முடியும்வரை காத்திருக்காமல், எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் சகோதரர் ஒருவரையும், அந்தக் கராஜுக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கையும் அழைத்துச் சென்று, இருக்கும் உறுப்புகளை எண்ணிப் பட்டியல் எழுதி, அதில் கராஜ்காரரின் கையொப்பத்தை வாங்குங்கள். செய்த வேலைக்குரிய கூலியைக் கேட்டால், நியாயமானதைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தத் தொகைக்காக இன்னும் ஒரு வருடம் வாதாடுவதில் பயனில்லை. புறப்படுவதற்கு முன் எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பீட்டிலில் அது டைனமோவைத் தாங்கும் பீடத்தின் கீழே, எஞ்சின் கூட்டின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டக இலக்கம் பின்னிருக்கையின் அடியில் இருக்கும். பதிவுப் புத்தகம் கராஜில் இருந்தால் அதுவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய பொருள். பீட்டில் எஞ்சின் காரோடு நான்கே நான்கு நட்டுகளால் பூட்டப்படுவது. மறுபடி ஏற்றுவது பெரிய வேலையல்ல. அது பெரிய வேலை என்று கராஜ்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: அம்மப்பாவின் மைனரை முடிக்கிறேன். ஈயம் கலக்காத பெற்றோல் வால்வைக் கெடுக்கும் என்று அவர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். எஞ்சினின் தலைப்பகுதி இப்போது கழற்றியபடி இருக்கிறது. (கல்முனை வாசகர்)

பதில்: உண்மைதான். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. ஈயம் இல்லாவிட்டால், நெடுநேரம் வேகமாக ஓடும் எஞ்சினில் வெளியேற்று வால்வு தன் இருக்கையைத் தேய்த்து உள்ளே இறங்கும். தலைப்பகுதி கழன்றிருக்கும்போதே நான்கு வெளியேற்று இருக்கைகளையும் கடினமான உலோகத்தில் போட்டுவிட்டால், அம்மப்பாவின் கவலை தீரும். 92 ஒக்ரேன் பெற்றோலே போதும். இப்போது அதற்குப் பணம் இல்லையென்றால் பூட்டி ஓடுங்கள், கல்முனைக்குள் ஓடும் வேகத்தில் அவசரமில்லை. ஆனால் வால்வு இடைவெளியை, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கை, சில மாதங்களுக்கு ஒருமுறை எஞ்சின் ஆறியிருக்கும்போது அளந்து, அதே கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள். வெளியேற்று வால்வுகளில் அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால், தலைப்பகுதியை மறுபடி கழற்றும் நேரம் வந்துவிட்டது.